கடப்பாரையை வளைத்த பூட்டு

திண்டுக்கல்லில் பன்னிரண்டு குடும்பங்கள் வாடகைக்கு இருந்த எங்கள் மாடிக் கட்டடத்தை இன்று வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுக்கிறார்கள். மாடியில் கடைசி அறையில் ஓர் எழுத்தாளர் குடியிருந்தார் என்பதற்காக. எடுக்கட்டும். கீழே மூன்றாவது வீட்டையும் எடுப்பதுதான் நியாயம். அதில் அன்றும் இன்றும் குடியிருப்பவள் நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அங்கே வந்தேன். முற்றத்தில் ஒரே ஓர் அடிபம்பு. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் பிடித்ததும் பம்பின் கைப்பிடியைச் சங்கிலியால் கட்டி, தன் கையால் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்றை மாட்டிவிடுவார். எழுத்தாளர் இதையெல்லாம் ஒரு வாரப் பத்திரிகையில் கதையாக எழுதிவிட்டார். பூட்டு, கஞ்ச வீட்டுக்காரர், இடுப்பில் குடத்தோடு எல்லோரையும் ஏசும் ஒரு வாயாடி. அந்த வாயாடி நான்தான் என்று படித்தவுடனே தெரிந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன்.

அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்து தெரியாதவர். சலூனில் யாரோ கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"என் எடத்துல இருந்துக்கிட்டு என்னையவே எழுதுவானா? இன்னைக்கே காலி பண்ணணும்!" என்று முற்றத்தில் நின்று கத்தினார்.

எழுத்தாளர் மாடிப்படியில் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், வேறு போக்கிடம் இல்லாதவர். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மொதலாளி, செத்த நேரம் இருங்க. என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டுக் கத்துங்க" என்று பத்திரிகையை விரித்தேன். சத்தமாக வாசித்தேன்: "கொண்டை ஊசியால் நெம்பினார்கள். ஆணியால் குத்தினார்கள். கடைசியில் கடப்பாரைதான் வளைந்தது, பூட்டு அசையவில்லை. இதைச் செய்தவன் கை பொன்னான கை."

அப்படி ஒரு வரியும் அந்தக் கதையில் கிடையாது.

வீட்டுக்காரர் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "கடப்பாரையா வளஞ்சுச்சு? இன்னொருக்க வாசி, தாயி."

சொல் மாறாமல் மறுபடியும் வாசித்தேன். அதுதான் பெரும்பாடு.

"வளையத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலி செய்கிற பேச்சு அதோடு நின்றது. பம்பில் பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

சில வருடம் கழித்துக் கதை புத்தகமாக வந்தபோது, எழுத்தாளரே ஒரு பிரதியை எங்கள் வாசலில் கொடுத்துவிட்டு மாடியேறினார். பிரித்துப் பார்த்தேன். கடப்பாரை வளைந்த வரிகள் நான் வாசித்தபடியே அச்சில் இருந்தன. கதையில் அவற்றைச் சொல்பவளே அந்த வாயாடிதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போட்டோ எடுக்க வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் என்னிடம் வாசித்துக் காட்டுகிறார்கள். முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்கிறேன்.