நொட்டாங்கைக் கற்கண்டு

பானையைக் கவிழ்த்து மிச்சப் பாகை வடித்துவிட்டு, நூலில் ஒட்டி விளைந்திருக்கும் கற்கண்டுக் கட்டிகளில் ஒன்றைப் பிய்த்தெடுத்துப் பலகைமேல் வைத்துக் குனிகிறார் நாச்சிமுத்து. மூக்கு பலகையில் இடிக்கும் அளவுக்குக் குனிகிறார். கட்டியின் அகன்ற பக்கம் கீழே, ஒரு முனை தன்னைப் பார்த்து. ஒரு கண்ணை மூடுகிறார், மறு கண்ணை மூடுகிறார். பிறகு, "இதுவும் சோத்துக்கைதான்" என்று அதைக் கூடையில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்.

பழனி அடிவாரத்தில் சன்னதி வீதிக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய கொட்டகை. பஞ்சாமிர்தக் கடைகளுக்குக் கற்கண்டு காய்ச்சிக் கொடுப்பது தொழில். வயது ஐம்பத்திரண்டு. பால் விட்டு அழுக்கெடுப்பதில், கம்பிப் பதத்தில் இறக்குவதில், நூல் கட்டிய பானையில் பாகை ஊற்றிச் சாக்கைச் சுற்றி எட்டு நாள் அதன் பக்கத்தில் யாரையும் தும்மக்கூட விடாமல் காப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குழப்பமெல்லாம் கற்கண்டு விளைந்த பிறகுதான்.

அவர் கண்டது இது. நன்றாக விளைந்த கட்டிக்கு இரண்டு முனைகள். அவற்றில் ஒன்றில் மட்டும், வைரத்தில் தீட்டியதுபோல், பொடிப் பொடியாகக் கூடுதல் பட்டைகள் இருக்கும். அந்த முனையைத் தன் பக்கம் வைத்துப் பார்த்தால் கட்டி நேராக நிற்காது; சற்றே சாய்ந்து நிற்கும். எல்லாக் கட்டிகளும் ஒரே பக்கம்தான் சாயும். அந்தப் பக்கத்துக்கு, வலது கையைச் சொல்கிறபடி 'சோத்துக்கை' என்று அவரே பேர் வைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் சாய்ந்த ஒரே ஒரு கட்டி, ஒரு நொட்டாங்கைக் கற்கண்டு கிடைத்தால் போதும் என்று மூன்று மாதமாக மனிதர் பலகையில் கவிழ்ந்து கிடக்கிறார்.

"சோலி அத்துப்போயி கல்லுப் பொறுக்குறாரு" என்பாள் மனைவி வேலுத்தாய். "எறும்பு கூட இம்புட்டு நேரம் கல்கண்டப் பாக்காது."

வேலையில்லாமல் பொறுக்கவில்லை அவர். ஒரே மகள் சண்முகசுந்தரி, பத்தொன்பது வயது, தங்கமான பெண். எழுதுவது, நறுக்குவது, உண்பது எல்லாம் இடது கையால். சின்ன வயதில் அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். பிள்ளை பட்டினி கிடந்ததே தவிர, கை மாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு மனசு ஆறாது. பெண் பார்க்க வந்த இரண்டு இடத்தாரும் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். மூன்றாவதாக நெய்க்காரப்பட்டியிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

அவர் போட்டு வைத்திருந்த திட்டம் எளியது. சாமிக்குப் படைக்கும் பொருளிலேயே ஒரு நொட்டாங்கை இருந்துவிட்டால், அதைத் தட்டில் வைத்து, "பாத்துக்கோங்க, ஆண்டவன் படைப்புல இதுவும் உண்டு" என்று சொல்லி வாயடைத்துவிடலாம். பெண் பார்க்க வருகிறவர்கள் பலகையில் கவிழ்ந்து கட்டியின் சாய்வைப் பார்ப்பார்களா என்று அவர் யோசிக்கவில்லை.

புதன்கிழமை, தொண்டைக்கட்டுக்குக் கற்கண்டு வாங்க வந்த கல்லூரி ஆசிரியர் சேனாதிபதியிடம், எதிர்ப்பக்கம் சாய்ந்த கட்டி கிடைக்குமா என்று கேட்டார். படிகங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் அவர்.

"கெடைக்காதுங்க" என்றார் ஆசிரியர். "சர்க்கரையோட மூலக்கூறுக்கே ஒரு கைதான். ஒண்ணை வச்சு, அடுத்ததைப் பாதிச் சுற்று திருப்பி ஒரு படி மேல வைக்கும். மறுபடி பாதிச் சுற்று, ஒரு படி. கோடி கோடியா அப்படித்தான் அடுக்கிக்கிட்டுப் போகும். எத்தனை தடவை திருப்பினாலும் கை மாறாது. கண்ணாடியில பார்த்தாத்தான் மாறும்."

"எல்லாப் படிகமும் இப்படித்தானுங்களா?"

"இல்ல. துணிப்பெட்டியில அந்துருண்டை போடுறோமே, அதோட மூலக்கூறுக்கு வலம் இடம் கெடையாது. நேர்ல எப்படியோ கண்ணாடியிலயும் அப்படியேதான்."

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். "அந்துருண்டைக்குக் குடுத்த சலுகைய எம்மவளுக்குக் குடுக்கலயே சாமி."

மகள் எங்கிருந்து வந்தாள் என்று ஆசிரியருக்கு விளங்கவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அன்று மாலை நாச்சிமுத்து கொல்லைப் படியில் ஒரு படி ஏறினார், பாதி சுற்றித் திரும்பினார், அடுத்த படியைப் பின்புறமாக ஏறினார், மறுபடி திரும்பினார். ஆறு தடவை செய்து பார்த்துவிட்டார். வாத்தியார் சொன்னது சரிதான்; எந்தப் பக்கம் திரும்பினாலும் சோத்துக்கை சோத்துக்கையாகவே இருந்தது.

"ஏங்க, கிறுகிறுன்னு வருதா? சுக்குத்தண்ணி போடவா?" என்றாள் வேலுத்தாய்.

அவர் உள்ளே போய்ச் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கட்டியைப் பிடித்தார். உள்ளே தெரிந்த கட்டி எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று மாதமாகத் தேடியது. கையை நீட்டினார், கண்ணாடிதான் விரலில் இடித்தது. அதே கண்ணாடியில், அவருக்குப் பின்னால் சுந்தரி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், வலது கையால்.

திரும்பிப் பார்த்தார். இடது கை. கண்ணாடியைப் பார்த்தார். வலது கை. கண்ணாடிக்குள் போனால் மகள் ஊர் கேட்கிற பெண்ணாக ஆகிவிடுகிறாள். ஆனால் அங்கே கற்கண்டு நொட்டாங்கை. வெளியே வந்தால் கற்கண்டு ஒழுங்கு, மகள் குறை. இரண்டும் ஒருசேர ஒழுங்காக இருக்கிற இடம் எது? அவருக்கு உண்மையாகவே தலை சுற்றியது. சுக்குத்தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை நெய்க்காரப்பட்டியார் வெள்ளனே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் நடுக்கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். தட்டை வலது கையில் ஏந்தி வந்த சுந்தரி, இடது கையால் ஒரு கற்கண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். வேலுத்தாய் நான்கு நாளாகச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பயத்தில் பறந்துவிட்டது.

அந்த அம்மாள் வாங்கவில்லை. மடியிலிருந்து கையையே எடுக்கவில்லை.

"சோத்துக்கையால குடு தாயி."

சுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். "நான் சோறு திங்கிறது இந்தக் கையாலதாங்க அத்தே."

துடுக்காகச் சொல்லவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாச்சிமுத்து மகளின் கையைப் பார்த்தார். சோத்துக்கை என்றால் சோறு தின்கிற கை. பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிவந்த சொல்தான்; அதற்குள் சோறு இருப்பதை இப்போதுதான் கேட்கிறார். அப்படியானால் இவளுக்குச் சோத்துக்கை எது? மூன்று மாதமாகக் கூடையில் எறிந்ததெல்லாம் எந்தக் கை? வாத்தியார் சொன்னது, கண்ணாடியில் கண்டது, படியில் சுற்றியது எல்லாம் கலந்து போய் ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளையின் கை நீட்டியது நீட்டியபடி நிற்பது மட்டும் தெரிந்தது. அதை வாங்க அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. அது அவருக்குத் தாங்கவில்லை.

எழுந்து போய் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் மகளெதிரே நின்றார். ஒரு வெற்றிலையைக்கூட அதுவரை இடது கையால் வாங்கியிராத மனிதர், இடது கையை நீட்டினார். பழக்கமில்லாத கை, உள்ளங்கை சரியாகக் குவியக்கூட இல்லை. மகள் கற்கண்டை அதில் வைக்கும்வரை நீட்டியபடியே நின்றார்.