முடிச்சு படித்த மருமகள்

கல்யாணமாகி முதல்முறை ஜவ்வாது மலையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனபோது, நான் என்ன படித்திருக்கிறேன் என்று சொல்லும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். கணக்கு என்று சொல்லி நிறுத்தியிருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "முடிச்சுங்களப் பத்தி ஆராய்ச்சி பண்றா" என்று சொல்லிவிட்டார்.

உண்மைதான். கணிதத்தில் முடிச்சுகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு கயிற்றின் இரண்டு நுனிகளையும் ஒட்டிவிட்டால் கிடைக்கும் வளையத்தை, அறுக்காமல், சாதாரண வட்டமாக விரிக்க முடியுமா முடியாதா என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. வேலூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே அதில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன். ஆனால் மாமியார் வீட்டில் யாருக்கும் இதைக் கேட்கப் பொறுமை இல்லை. முடிச்சு அவிழ்க்கத் தெரிந்த மருமகள் வந்திருக்கிறாள் என்ற செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது.

மறுநாளே வேலை வந்தது. நாத்தனார் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே அவளுடைய நீளமான மெல்லிய தங்கச் சங்கிலி, பாக்கு அளவுக்கு உருண்டையாகச் சிக்கிக் கிடந்தது. கொக்கியை எப்போதாவது கழற்றினாயா என்று கேட்டேன். இல்லை, தலை வழியாகவே கழற்றி டப்பாவில் போட்டேன் என்றாள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கொக்கி திறக்கவே இல்லை என்றால் அது இன்னமும் அதே பழைய வட்டம்தான். பார்க்க எவ்வளவு மோசமாக இருந்தாலும் உள்ளே உண்மையான முடிச்சு ஒன்றுகூட இருக்க முடியாது.

"இது கண்டிப்பா அவுரும்" என்றேன்.

"சரி அண்ணி, அவுத்துக் குடுங்க."

"அவுரும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். எப்படின்னு தெரியாது."

நாத்தனார் தன் அம்மாவைப் பார்த்தாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டிலில் வெள்ளைத் துண்டை விரித்து, இரண்டு ஊக்குகளை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அவிழும் என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் விடாமல் உட்கார முடிந்தது; இல்லாவிட்டால் பாதியில் தூக்கிப் போட்டிருப்பேன். வெயில் இறங்கும் நேரத்துக்குச் சங்கிலி நீளமாக விழுந்தது. கணக்கு படித்தால் பொறுமை வரும் போலிருக்கிறது என்று அத்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதைக் கேட்டேன். அதற்கு மேல் என் படிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாசி மாதம் புளி உலுக்கும் சமயத்தில் போயிருந்தோம். என் கணவரும் மாமனாரும் புளி மூட்டைகளோடு செங்கம் சந்தைக்குப் போயிருந்த நாள் அது. அத்தை முகம் வாடியிருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. வெகுநேரம் மழுப்பினார். பிறகு மரத்தடியில் புளியம்பழ ஓடு உடைத்துக்கொண்டிருந்தபோது, மற்ற பெண்கள் தள்ளிப் போனதும், நீர் பிரியும்போது எரிச்சல் என்று மெல்லச் சொன்னார். நாலைந்து நாட்களாகவே இருக்கிறதாம். ஆண்களிடம் எப்படிச் சொல்வது என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேலை நடுவில் ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை.

நாத்தனாரின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே அவரை மலைமேல் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். பரிசோதனை செய்துவிட்டு, நீர்த்தாரையில் கிருமி என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். எரிச்சல் நின்றாலும் மாத்திரையை முழுக்க முடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அத்தை இரண்டு தடவையும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை டப்பாவில் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பவர் அவர்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பெயரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிச்சுக் கணக்கைக் கிருமிகளின் மரபிழைக்குப் பொருத்திப் பார்க்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நான் பல தடவை படித்த மருந்து. அது இருக்கிறது என்று தெரியும். கையில் வாங்கியது அன்றைக்குத்தான்.

"இன்னாத்துக்குமா சிரிக்கிற?" என்று கேட்டார் அத்தை.

"இந்த மாத்திரை என் படிப்புங்க அத்தை."

அவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். யாரோ மூட்டை கட்டி மிச்சம் விட்ட சணல் துண்டு கீழே கிடந்தது. இரண்டு இழை போட்டு முறுக்கியது. எடுத்து இரண்டு முனைகளையும் இறுக்கிச் சேர்த்து வளையமாக்கி அவர் கையில் கொடுத்தேன். கிருமிக்குள் அதன் மொத்த ஜாதகமும் இப்படித்தான், இரண்டு இழையாக முறுக்கி, நுனியில்லாத வளையமாக இருக்கிறது என்றேன். கிருமி இரண்டாகப் பெருகவேண்டுமானால் இந்த இரண்டு இழையையும் பிரித்தாகவேண்டும். பிரித்துப் பாருங்கள் என்றேன்.

அத்தை நடுவில் விரலை விட்டு இழைகளைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க, முறுக்கெல்லாம் மற்ற பக்கம் போய்ச் சேர்ந்து, சணல் தானே சுருண்டு புரிபுரியாகத் திரண்டது. இன்னும் இழுத்தார். நகரவில்லை.

"மாட்டிக்கிச்சு" என்றார்.

கிருமியும் இப்படி மாட்டிக்கொள்ளும் என்றேன். அதற்காகவே அது தனக்குள் ஓர் ஆளை வைத்திருக்கிறது. அந்த ஆள் சணலை ஒரு இடத்தில் வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு பகுதியை விட்டு, வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டிவிடும். முறுக்கு தளரும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வெட்டும், ஒட்டும். இந்த மாத்திரை போய் அந்த ஆளின் கையைச் சரியாக வெட்டும் நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. வெட்டினது வெட்டினபடி நிற்கும்; ஒட்ட முடியாது. கிருமி செத்துப்போகும்.

நம் உடம்புக்குள்ளும் அப்படி ஓர் ஆள் உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் அதன் கை வேறு மாதிரி, இந்த மாத்திரைக்கு அவ்வளவாகப் பிடிபடாது என்றேன். அத்தை சணலை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"அறுத்துட்டுக் கட்ட முடியாம நிக்கறது பாவம்தான்" என்றார். பிறகு, "சாவட்டும், இன்னா எரிச்சல் குடுத்துது" என்றார்.

கல்லூரியில் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். எதிரே இருப்பவர் புரிந்துகொண்டார் என்று அவ்வளவு நிச்சயமாக எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. ஸ்கூட்டியில் திரும்பும் வழியெல்லாம் என்னையறியாமல் பாடிக்கொண்டு வந்தேன். அத்தை பின்னாலிருந்து, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, தன் வீட்டுக்காரருக்குச் சளி என்றும், மிச்ச மாத்திரை இருந்தால் கொடுக்கும்படியும் கேட்டார். நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்திவிட்டு, அத்தை சொல்லும் பதிலைக் கேட்டேன்.

"குடுக்க மாட்டேன். எனக்கு நல்லாயிட்ச்சி, ஆனா உள்ள இன்னும் கொஞ்சம் கிருமி கீது. பாதில வுட்டா அது தேறிக்கும். சளிக்கு வேற மாத்திரை, நீ டாக்டரம்மாவப் போய்ப் பாரு."

அக்கா கொஞ்சம் முகம் சுளித்தார். அத்தை அவரை உட்காரவைத்து, ஒரு சணலை எடுத்து முறுக்க ஆரம்பித்தார். சில இடங்களில் நான் சொன்னதைவிட அவர் சொன்னது நன்றாக இருந்தது. வெட்டுபவரை அவர் ஓர் ஆணாகவே வைத்துக்கொண்டார். சந்தைக்குப் போன வீட்டுக்காரர் சொன்ன நேரத்துக்குத் திரும்பாத கதை போல எல்லாம் சேர்த்துச் சொன்னார். அக்கா சிரித்துவிட்டார். மாத்திரை கடைசிவரை முடிந்தது.

போன வருஷம் எங்கள் கல்லூரியில் என்னை ஓர் உரை நிகழ்த்தச் சொன்னார்கள். கேள்விப்பட்டதும் அத்தை தானும் வருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லி, மலையிறங்கி, அமிர்தி வழியாக வேலூர் வந்து சேர்ந்தார். புதுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். முதல் வரிசையில் நாத்தனாரோடு உட்கார்ந்தார்.

அன்றைக்குப் புரதங்களைப் பற்றிப் பேசினேன். நம் உடம்பில் உள்ள புரதங்கள் நீளமான சங்கிலியாகப் பிறந்து, தாமாகவே மடங்கி ஒரு வடிவத்துக்கு வருகின்றன. பெரும்பாலானவற்றில் முடிச்சே இருக்காது. சிலவற்றில் மட்டும் நிஜமான முடிச்சு இருக்கிறது. ஒரு நுனி ஒரு வளையத்துக்குள் நுழைந்து வந்திருக்கிறது. பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அத்தை தூங்கிவிட்டார். நாத்தனார் முழங்கையால் இடித்து எழுப்புவதை மேடையிலிருந்தே பார்த்தேன்.

முடிந்ததும் டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். அத்தை என்னிடம் வந்து, கடைசியில் காட்டிய படத்தைப் பற்றிக் கேட்டார். அந்த முடிச்சை யார் போட்டது என்றார். யாரும் போடவில்லை, அதுவே போட்டுக்கொள்கிறது என்றேன்.

"எதுக்கு?"

"அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதுங்க அத்தை."

"தெரியாததச் சொல்லவா இத்தினி பேரக் கூப்ட்டு உக்கார வச்ச?"

ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே, ஜன்னலோரம் நின்றிருந்த எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் போனார். அவர் குனிந்து மரியாதையாக ஏதோ பதில் சொல்வதும், கையை விரிப்பதும் தெரிந்தது. அத்தை திருப்தியோடு திரும்பி வந்தார்.

"அவருக்கும் தெரியலயாம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு போண்டா எடுத்துக்கொண்டார்.