மூன்று நாள் ஜெபம்

இன்று காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் கனகம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செராமிக் ஃபேக்டரியில் என்னோடு கோப்பைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள். மகளுக்கு மஞ்சள் காமாலை முற்றி, இரண்டு மாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பியிருக்கிறாள்.

"பொண்ணு பொழைச்சிட்டாக்கா. எல்லாம் நீங்க ஜெபம் பண்ணதாலதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு முகம் வியர்த்துவிட்டது. தினமும் விடியற்காலையில் பைபிள் படித்து உன் மகளுக்காக ஜெபிக்கிறேன் என்று இன்லண்ட் லெட்டரில் அவளுக்கு எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தை மகளின் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாளாம்.

இறங்கும்வரை சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"கனகம், நான் மூணு நாள்தான் படிச்சேன். அப்புறம் பைபிளைத் தொடவே இல்ல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃபேக்டரி ஸ்டாப் வந்ததும் சொன்னாள்: "சாயங்காலம் வூட்டுக்கு வாங்க. அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு, உக்காந்து படிங்க."

போனேன். சொல்லவும் சொன்னேன், பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் படிக்கவும் செய்தேன். "நாளைக்கும் வருவீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் வாக்கு எப்படிப்பட்டது என்று இப்போது உங்களுக்கும் தெரியும். நாளைக்கு என்னைப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள், படித்தாயா என்று.