பீச்சாங்கை கிட்டார்

போன வாரம் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது, என் தங்கையின் பேத்தி பெயருக்கு. வீட்டில் வேறு யாரும் இல்லை. கூரியர்க்காரர் நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கி வைத்தேன். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைக் கிழித்தாள். புது வார்னிஷ் வாசனை வீடெல்லாம் பரவியது. உள்ளே ஒரு பேஸ் கிட்டார். அவள் இடது கைக்காரி.

"லெஃப்ட் ஹேண்டுக்குன்னே செஞ்சது தாத்தா. ஆர்டர் போட்டா வந்துரும்" என்றாள்.

ஆர்டர் போட்டால் வந்துவிடுமாம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பிள்ளை மேல் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடந்தது, வார்னிஷ் வாசனை பட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பி. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போய்க்கொண்டிருக்கும். அது ஒழுங்காகப் போகும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள், தப்பினால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று அந்தக் காலத்தில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் அறிவு அப்படி.

என்னுடைய பேஸ், மதுரையில் ஒரு வாத்தியக்காரர் விற்றதை வாங்கியது. பீடி வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் கலந்து அடிக்கும். வலது கைக்காரருக்குச் செய்தது. இந்தப் பக்கத்தில் வேறு எது கிடைக்கும்? நானோ இடது கைக்காரன். அதைத் திருப்பிப் பிடித்தால், மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி முழங்கால் பக்கம் போய்விடும். ஆகவே நாலு கம்பியையும் கழற்றி வரிசை மாற்றிக் கட்டினேன். கட்டினால் ஆயிற்றா? கிட்டார் கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டையில், மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த கம்பி இறங்காது. தேனி நகைப்பட்டறை ஒன்றில் சின்ன அரம் இரவல் வாங்கி, பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினேன். அதே கட்டையின் மறுகோடியில் அகலப் பள்ளத்தில் மெல்லிய கம்பி கடகடவென்று ஆடியது. தீக்குச்சியைச் சீவி அடியில் செருகினேன். வார் மாட்ட வேண்டிய திருகாணியை இடம் மாற்றினேன். எல்லாம் முடிந்து வாசித்தால் பாட்டு நடுவில் சத்தம் தானாகக் குறைகிறது. என்னடா என்று பார்த்தால், திருப்பிப் பிடித்ததில் வால்யூம் குமிழ் மேலே வந்து, என் முழங்கையே அதைத் திருகிக்கொண்டிருக்கிறது! அந்தக் கையை ஒரு கோழி இறக்கை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகினேன்.

இத்தனை பாடு எதற்கு என்றால், என் இடது கைக்கென்று உலகத்தில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. சிலேட்டில் நான் முதலில் எழுதியது இடது கையால்தான். வாத்தியார் அடிக்கோலால் விரல் மொளியிலேயே போடுவார். வீட்டில் ஆத்தா பழைய சேலைக் கிழிசலால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் சோற்றுத் தட்டை வைப்பாள். பாசத்தோடுதான் கட்டினாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. எழுத்து வலது கைக்குப் போனது, சோறும் போனது. எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாமல் என்னைச் சேர்த்தபோதுதான் அந்தக் கைக்கு ஒரு வேலை கிடைத்தது.

குழுவை நடத்தியவர் அக்கார்டியன் வாசிப்பார். அவரை மாஸ்டர் என்போம். போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டுக் கல்யாணம். சாயங்கால வரவேற்புக்கு எங்கள் கச்சேரி. நான் வாசித்து ஆத்தா கேட்டதே இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக வந்து, பெண்கள் பக்கம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் தாய்மாமன் வந்து நின்று என் கையையே பார்த்தார்.

"என்னப்பா மாஸ்டரு, நல்ல காரியத்துல பீச்சாங்கையால வாசிக்கிறான்? மாப்ள வீட்டு ஆளுக என்ன நினைப்பாக?"

"நான் பாத்துக்கிறேங்க மொதலாளி. நீங்க போங்க" என்றார் மாஸ்டர். என்னைப் பார்த்து, "போயி காப்பி குடிச்சிட்டு வாடா" என்றார். அக்கறையாக்கும் என்று போனேன்.

திரும்பி வந்தபோது மணமக்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள். பாட்டைத் தொடங்கச் சொல்லி மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார். பேஸை மாட்டி முதல் தட்டு தட்டினேன். அது என் வாத்தியமே இல்லை. என்னைக் காப்பிக்கு அனுப்பிவிட்டு அந்த மனுஷர் நாலு கம்பியையும் கழற்றி, வலது கைக்கு ஏற்ற வரிசையில் கட்டி வைத்திருந்தார்! கம்பியை மாற்றினால் கை தானாக மாறிவிடும் என்று நினைத்த மேதை. தீக்குச்சியையும் பிடுங்கி எறிந்திருந்தார். நான் அகலமாக்கிய பள்ளத்தில் மெல்லிய கம்பி கிடந்து அதிர்ந்தது. வலது கைக்காரன் வந்து வாசித்திருந்தாலும் அது அழத்தான் செய்திருக்கும்.

"என்னலே, பேஸு கடிக்குது?" என்றான் பக்கத்தில் பாங்கோஸ் தட்டிக்கொண்டிருந்த சலீம், என் உத்தமபாளையத்துச் சிநேகிதன்.

"கம்பிய மாத்திட்டாருடா."

மாஸ்டர் அக்கார்டியனை இழுத்துக்கொண்டே, "வலது கைல பிடிடா, சும்மா பிடிச்சிட்டாவது நில்லு" என்று பல்லைக் கடித்தார். நிற்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். இடது கையாலேயே வாசித்தேன். தடித்த கம்பி என்று போன விரல் மெல்லியதில் விழுந்தது. பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஊரே திரும்பப்போகிறது, ஆத்தா முன்னால் மானம் போகப்போகிறது என்று வேர்த்து ஊற்றியது.

ஒருவரும் திரும்பவில்லை. கைதட்டினார்கள். கச்சேரி முடிந்து கீழே இறங்கியதும் ஆத்தாவிடம் போனேன்.

"எப்படி ஆத்தா இருந்துச்சு?"

"பாட்டுக்கு என்ன, நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாரும் ஒன் கையத்தான்யா பாத்தாக. எனக்கு நிமிந்து உக்கார முடியல."

அத்தனை தப்பு வாசித்திருக்கிறேன், அதற்கு ஒரு வசவு இல்லை! அந்தத் தப்புகளுக்காக யாராவது என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். மாஸ்டரிடம், என் வாத்தியத்தை நீ எப்படித் தொடலாம் என்று கேட்டேன். "ஒரு கம்பிக்கு இம்புட்டுக் கோவமா?" என்று சிரித்தார். அன்றோடு குழுவை விட்டேன். பேஸையும் விற்றுவிட்டேன்.

இப்போது அந்தக் குழுவும் இல்லை, அக்கார்டியனும் இல்லை. கீபோர்டு வந்து பேஸ் வாசிப்பவனையும் அனுப்பிவிட்டது. சலீம் வளைகுடாவுக்குப் போனான், வரவில்லை. மாஸ்டர், தாய்மாமன், ஆத்தா, யாரும் இல்லை. சண்டை போட ஒரு ஆள் மிச்சமில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெட்டியைப் பிரித்த கையோடு பேத்தி தன் கிட்டாரை என்னிடம் நீட்டி, "வாசிங்க தாத்தா" என்றாள். குமிழ், பள்ளம், திருகாணி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இடது கையைக் கம்பி மேல் வைத்தேன். விரல்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றன. மேஜையில் கூரியர் சீட்டின் நகல் கிடந்தது. அதில் என் கையெழுத்து, வாத்தியாருக்குப் பிடித்த மாதிரி, வலது பக்கம் சாய்ந்து அழகாக இருந்தது.