வாய்க்கால் வழியாக மாமா வீட்டுக்கு

ஜீயபுரத்தில் பஸ் ஏறினால் காலை டிபனுக்கே ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டுக்குப் போய்விடலாம். நாங்கள் ஒரு பகல் முழுக்கப் பரிசலில் போனோம். ஏன் என்று கேட்டதற்கு அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

என் காதுகுத்தன்று மாமா வரத் தாமதமாயிற்று. நல்ல நேரம் போகிறதென்று அப்பா என்னைத் தன் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார். தாய்மாமன் இருக்க வேறு மடியா என்று மாமா வாசலோடு திரும்பிப் போனார். அன்று நின்ற பேச்சு நான் நாலாம் வகுப்புக்கு வந்தும் நின்றபடியே இருந்தது. இருவர் கையிலும் செல்போன் இருந்தது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல். நடுவில் கிடந்து நொந்தவள் அம்மா. அண்ணனைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் மீன்பிடிதான் தொழில். தை மாதம் ஆறு வற்றும்போது பரிசல்காரர்கள் மாமா வீட்டருகே கரையில் கூடி, பரிசல்களைக் கவிழ்த்து ஒன்றாகத் தார் பூசுவார்கள். அதற்கு அழைப்பெல்லாம் கிடையாது. பரிசலோடு வந்து சேர்ந்தால் போதும். “நம்ம பரிசலும் ஒழுகுதுங்க, இந்த வருஷம் போவோம்” என்று அம்மாதான் ஆரம்பித்தாள். தண்ணீரென்றாலே பயப்படுகிறவள், தானும் ஏறி உட்கார்ந்தாள்.

ஆற்றில் மணல் திட்டுகள், வாய்க்காலில்தான் தண்ணீர். அதிலும் பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை. அப்பா துடுப்புப் போட்டதைவிடச் செடியைப் பிடுங்கிக் கரையில் எறிந்ததுதான் அதிகம். மதகு வந்தால் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடப்பார். துடுப்பும் தூக்குச்சட்டியுமாக நாங்கள் பின்னால் போவோம். மத்தியானத்துக்குள் அப்பாவுக்குக் கழுத்து திரும்பவில்லை, அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. எனக்கு வாய் மட்டும் ஓயவில்லை.

ஒரு மதகில் அப்பா உட்கார்ந்தே விட்டார். “உங்கண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் என்ன பண்றது?”

“அவரைப் பாக்கவா போறோம்? தார் பூசப் போறோம்” என்றாள் அம்மா.

அப்பா எழுந்து பரிசலைத் தூக்கினார்.

வாய்க்காலை விட்டு, ஆற்றில் தண்ணீர் கிடந்த இடமாகப் பார்த்து இறங்கி, அக்கரையை நெருங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. எல்லாரும் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மாமா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அப்பாவின் துடுப்பு நின்றுவிட்டது. அம்மா பரிசல் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். மாமா வேட்டியோடு தண்ணீரில் இறங்கி வந்து, அதே விளிம்பைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

“செடி ஜாஸ்தியா மாப்ள?”

“ரொம்ப ஜாஸ்தி மச்சான்.”

அவ்வளவுதான் பேச்சு. மற்றவர்களின் அடுப்பெல்லாம் அணைந்திருக்க, மாமாவின் அடுப்பில் மட்டும் ஒரு சட்டித் தார் கொதித்துக்கொண்டிருந்தது.

“வருஷா வருஷம் உங்களுக்குன்னு ஒரு சட்டி வெப்பாருங்க. இருட்டுனதும் அவரே அணைச்சிடுவாரு” என்றார் பக்கத்திலிருந்தவர்.

அம்மா மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கால் வலி தாங்காமல்தான் அழுகிறாள் என்று நினைத்து நான் அவள் காலைப் பிடித்துவிட்டேன். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை.