ஒரு வீட்டில் ஒருவருக்கு

நானும் அண்ணாவும் ஒரே வருடத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோம். அவன் உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தடவையாக எழுதியிருந்தான். நான் முதல் தடவை. விடத்தல்தீவில் எல்லோரும் அம்மாவை வாழ்த்தினார்கள். அம்மா வாசலில் சிரித்துவிட்டு உள்ளே வந்து, "ஒருத்தன் மாத்தறைக்கு, ஒருத்தி யாழ்ப்பாணத்துக்கு. எனக்குத் தலை சுத்துது," என்று நிலத்தில் உட்கார்ந்தார்.

எங்களுக்குக் கீழே உயர்தரம் படிக்கும் தங்கையும் சின்னத் தம்பிமார் இருவரும் இருந்தார்கள். அப்பா கடலுக்குப் போகிறவர். வாடைக்காற்றுக் காலத்தில் அதுவும் இல்லை.

பல பிள்ளைகள் படிக்கும் வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு உதவ, வெளிநாட்டிலிருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் ஒரு நிதியம் நடத்தினார்கள். இருவரும் விண்ணப்பித்தோம். நேர்முகத்துக்கு மன்னாருக்கு அழைத்தார்கள். அது ஒரு சனிக்கிழமை. அம்மா தங்கைக்கும் தம்பிமாருக்கும் பள்ளிக்கூடச் சீருடை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இண்டைக்கும் பள்ளிக்கூடமோ?" என்று பஸ் கொண்டக்டர் கேட்டார்.

"இல்லைத் தம்பி, நேர்முகம்," என்றார் அம்மா. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் ஓர் ஆசிரியையும் இருந்தார்கள். அம்மா கதிரையில் உட்கார, நாங்கள் பின்னால் வரிசையாக நின்றோம்.

"ஏன் அம்மா எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று அதிபர் கேட்டார்.

"எத்தினை பேர் படிக்கினம் எண்டு கேட்டிருந்தியள். அதுதான்."

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு தம்பிமாரிடம் எந்த வகுப்பு என்று விசாரித்தார். பிறகு அதிபர் சொன்னார்: "ஒரு வீட்டில ஒருத்தருக்குத்தான் குடுக்கலாம். மகனுக்கோ மகளுக்கோ எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அண்ணா என்னைக் காட்டி, "தங்கச்சிக்குக் குடுங்கோ சேர்," என்றான். நான் "அண்ணாவுக்கு," என்றேன். எனக்குக் கிடைக்கவேண்டும் என்று விரும்பிக்கொண்டுதான் அதைச் சொன்னேன். அவனும் அப்படித்தான் இருந்திருப்பான்.

அம்மா திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. "இவை ரெண்டு பேருக்கும் கம்பஸில ஏதோ கொஞ்சம் குடுப்பினம்தானே. இவளுக்குத் தாங்கோ," என்று தங்கையின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "ரியூசனை நிப்பாட்டிப்போட்டன். அடுத்த வருசம் சோதினை."

"பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு இதில இடமில்லை அம்மா. அவ கம்பஸுக்கு எடுபட்டால் அப்ப பாப்பம்."

தங்கை வாய் திறப்பாள் என்று நான் நினைக்கவில்லை. "ரியூசன் இல்லாமல் எப்பிடி சேர் எடுபடுறது?" என்றாள்.

அதிபருக்குக் கோபம் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதியை நான் மாத்த ஏலாது பிள்ளை," என்றார். ஆசிரியை தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அம்மா எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்.

உதவி அண்ணாவுக்குக் கிடைத்தது. மாத்தறை தூரம் என்று காரணம் சொன்னார்கள். முதல் வருடம் அவன் அதில் ஒரு பங்கை எனக்கு அனுப்பினான். பிறகு குறைந்தது, பிறகு நின்றது. நான் கேட்கவில்லை. விடுதிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சமாளித்தேன். அவனுக்கும் அங்கே என்ன செலவு இருந்ததோ, அதையும் நான் விசாரிக்கவில்லை.

தங்கைக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சத்தில் தவறிப்போனது. இன்னொரு தடவை எழுதச் சொல்ல வேண்டிய நாங்கள் இருவரும் அப்போது வீட்டில் இல்லை. தொலைபேசியில் ஒருமுறை சொன்னேன். "பாப்பம்," என்றாள். அடுத்த மாதமே மன்னாரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது கடையில் அவள்தான் மூத்தவள். மருந்துகளின் பெயர்களை மடமடவென்று சொல்வாள். பெரிய தம்பி போன வருடம் உயர்தரம் எழுதினான். அவனுடைய ரியூசன் காசை அவள் கட்டினாள், எங்களிடம் கேட்கவில்லை.