வாலில்லாமல் உள்ளே போனது

பஸ் பரமக்குடியைத் தாண்டியதும் சேதுலட்சுமி மடியிலிருக்கும் சாப்பாட்டுக் கூடையைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார். அதில் சோறு இருக்காது. மீன் கடையில் வாங்கிய ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, மூடி போட்ட வட்டத் தட்டுகளில் ஈஸ்ட் இருக்கும். புளித்த மாவு வாசம் வந்தால் நலம். வேறு வாசம் வந்தால் பூஞ்சை புகுந்துவிட்டது என்று பொருள். "நல்லாத்தான்க்கா இருக்குதுக" என்று மூடுவார். அடுத்த ஊர் வருவதற்குள் மறுபடி திறப்பார்.

ராமநாதபுரத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் அவர் உயிரியல் ஆசிரியை; நான் அங்கேயே தமிழ். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். ஈஸ்டைக் கல்லூரியில் வளர்ப்பார். அதற்குள்ளே பார்க்கும் பெரிய நுண்ணோக்கி மதுரையில், அவருடைய பேராசிரியரிடம் இருக்கிறது. என் தங்கை வீடும் மதுரையில் என்பதால் பல சனிக்கிழமைகளில் பஸ்ஸில் பக்கத்து இருக்கை என்னுடையது.

உப்பூர்ப் பக்கம் மிளகாய் போடும் குடும்பத்தில் வாக்கப்பட்டவர். ஒல்லி. சேலைத் தலைப்பில் எப்போதும் சாக்பீஸ் தூள். நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். பாடம் நடத்தும்போதும் அப்படித்தான். "இருங்கடி, எனக்கே கொழம்புது" என்று மாணவிகளிடம் கூசாமல் சொல்வார். எங்கள் கல்லூரியில் வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரைக் குழப்பிய விஷயத்தை எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். ஈஸ்ட் செல்லுக்குள் பெராக்ஸிசோம் என்று மிகச் சிறிய பைகள் உண்டு. சர்க்கரையை நிறுத்திவிட்டு எண்ணெய்ச் சத்தைக் கொடுத்தால், அதைச் செரிக்க இந்தப் பைகள் பெருகும். ஆனால் செரிக்கும் புரதம் எதுவும் பைக்குள் உண்டாவதில்லை. வெளியே உண்டாகித்தான் உள்ளே போகவேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் கடைசியில் ஒரு சிறு வால் இருக்கும். அந்த வாலை அடையாளம் கண்டு, கூட்டிப்போய் உள்ளே சேர்க்கவே தனியாக ஒரு புரதம் இருக்கிறது. சேர்த்துவிட்டு அது திரும்பி வந்துவிடும்.

சேதுலட்சுமி ஒரு புரதத்தின் வாலை நறுக்கினார்; அதாவது, அதைச் செய்யும் ஜீனில் வாலுக்கான பகுதியை வெட்டிவிட்டு ஈஸ்டுக்குள் வைத்தார். அது எங்கே இருக்கிறது என்று தெரிய, பச்சையாய் ஒளிரும் இன்னொரு புரதத்தை அதோடு ஒட்டினார். வால் இல்லாதது வெளியிலேயே நிற்கும், செல் முழுக்கப் பச்சை மூட்டமாகத் தெரியும் என்பது கணக்கு. தெரிந்தவை புள்ளிகள். பளிச்சென்ற பச்சைப் புள்ளிகள், பைக்கு ஒன்றாக. வாலில்லாமலே உள்ளே போய்விட்டது.

"வால நறுக்குனதுல கோட்ட விட்டுட்டம்மா" என்றார் பேராசிரியர். சேதுலட்சுமி ஜீனைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தார். வால் இல்லை. "அப்ப தட்டுதான் மாறியிருக்கும். அந்தப் பகுதிய விட்டுட்டு மத்தத எழுது. இந்த வருஷத்தோட ஒன் பதிவு முடியுது."

கணவர் முத்துகிருஷ்ணன், அவரைக் கல்லூரியில் கொண்டுவந்து விட்ட ஒரு காலையில், என் எதிரிலேயே கேட்டார்: "நீ பாத்தது நெசந்தான?"

"நெசந்தான்."

"வால் இல்லங்கிறதும் நெசந்தான?"

"ஆமாங்க."

"பெறகு என்ன முழிக்கிற?"

"ரெண்டும் நெசமா இருக்குல்ல, அதான் முழிக்கிறேன்."

விடை வகுப்பில் வந்தது. அந்தப் புரதம் செல்லுக்குள் தனியாக இருப்பதில்லை, இரண்டிரண்டாகப் பிணைந்தே இருக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றிருக்கிறார். பிறகு சாக்பீஸோடு ஆசிரியர் அறைக்கு ஓடிவந்தார்.

"அக்கா, நான் பழையத எடுக்கலக்கா!"

"எந்தப் பழையத?"

"நான் புதுசா வச்சது வாலில்லாதது. ஆனா ஈஸ்ட்டோட சொந்த ஜீன் அங்கனயேதான இருக்கு? அது வாலோட ஒண்ணச் செஞ்சுக்கிட்டே இருக்கும்ல? இது அதோட கோத்துக்கிட்டுப் போயிருக்கு. அந்த வாசல்ல அவுத்துப் பிரிச்சுத்தான் விடணும்னு இல்லக்கா. கோத்தது கோத்தபடியே உள்ள போகும்."

அந்தச் சனிக்கிழமை மதுரையில் இதைக் கேட்டதும் பேராசிரியர் தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டாராம். "முப்பது வருஷமாத் தெரிஞ்ச சமாச்சாரம்மா இது. எனக்குத் தோணாமப் போச்சே!"

அன்று திரும்பும் பஸ்ஸில் சேதுலட்சுமி கூடையைத் திறக்கவே இல்லை. "நான் தப்பாப் பாக்கலன்னு ஆயிருச்சு. ஆனா புதுசாவும் ஒண்ணும் பாக்கலயே. நான் சந்தோசப்படணுமா வேணாமாக்கா?" என்று கேட்டார்.

சொந்த ஜீனையும் நீக்கிய ஈஸ்டை வளர்த்து மறுபடி மதுரைக்குக் கொண்டுபோனார். அந்த முறை நானும் நுண்ணோக்கி அறைக்குள் போனேன். விளக்கெல்லாம் அணைத்த சிறிய அறை. பேராசிரியர் முதலில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையான செல்கள், ஒவ்வொன்றிலும் பச்சை மூட்டம். புள்ளியைக் காணோம்.

"முடிஞ்சுதும்மா. இப்ப எல்லாம் பொருந்துது. எழுதிக் குடுத்துரு" என்றார். சேதுலட்சுமி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லென்ஸில் குனிந்தார். ஸ்லைடை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனவரின் கை நின்றது.

"சார், இங்கன பாருங்க."

ஓரத்தில் இரண்டு செல்கள். மூட்டத்துக்கு நடுவே, மங்கலாக, புள்ளிகள்.

"எங்கயோ ஒண்ணு ரெண்டு இருக்கும். அத விடு."

"இதுல பழையது இல்லயே சார். அப்ப இது எதக் கோத்துக்கிட்டு உள்ள போச்சு?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். நேரமாகிவிட்டது என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நுண்ணோக்கியை நிறுத்தக் கையை நீட்டினார். சேதுலட்சுமி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டி, சுவிட்சைப் பொத்திக்கொண்டார்.